ஒரு குவளை ஈரம்

ஊரை மூடிய கண்ணாடிக் கவிகையின் மேல் வெளிச்சம் ஏறியதும் உலகம்மாள் எழுந்து, தன் புருஷனுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

பூல்பாண்டி முற்றத்தில், சன்னலுக்குக் கீழே, ஒரு பாய் அகலத்துக்குப் பரந்து கிடந்தார். செவ்வாயில் யாரையும் எரிப்பதில்லை; தீயில் வீணாக்குகிற அளவுக்கு அங்கே காற்று மலிவில்லை. உயிர் போன உடம்பை மண்ணாக்கு நிலையத்தில் ஒப்படைத்தால், சில மாதங்களில் கறுகறுவென்று நல்ல மண்ணாகத் திருப்பித் தருவார்கள். மற்ற தெருக்காரர்கள் அதைப் பொதுத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். உப்புத் தெருக்காரர்கள் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பி, தினமும் காலையில் தாங்கள் வாய் நனைக்கும் முன்னால் அதில் கொஞ்சம் தண்ணீர் வார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால், "செத்தவங்களுக்குத் தாகம் இருக்காதா?" என்பார்கள்.

"மண்ணில் நீர் சிந்தியுள்ளது. இது முறையற்ற பயன்பாடு. உங்கள் குளியல் பங்கிலிருந்து கழிக்கப்படுகிறது," என்றது சுவரில் பதித்திருந்த நீர்மானி.

"சரிதான், ஒஞ்சோலியப் பாரு," என்றாள் உலகம்மாள்.

பூல்பாண்டி மண்ணாகி வந்த நாளிலிருந்து இருவருக்கும் இதுதான் காலைப் பேச்சு. வியர்வையைக்கூடப் பிடித்து, வடிகட்டி, திரும்பக் குடிக்கிற ஊர் அது. அங்கே வேண்டுமென்றே மண்ணில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பைத்தியம் மாதிரித்தான் தெரியும். உப்புத் தெருவிலேயே பலர் அரைக் குவளை, கால் குவளை என்று குறைத்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் மட்டும் குவளை தளும்ப ஊற்றுவாள். பூல்பாண்டி கடைசி நாட்களில் மூச்சுக்கு மூச்சு தண்ணீர் கேட்டார். சிறுநீரகம் தாங்காது, கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அவளும் கொடுக்கவில்லை. உதட்டைத் துணியால் நனைத்ததோடு சரி. அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு போவது அவளுக்கு ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை.

உப்புத் தெருவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. செவ்வாய் மண்ணில் ஒரு நச்சு உப்பு உண்டு. அதைக் கழுவி எடுக்காவிட்டால் ஒரு கீரைகூடத் தலை தூக்காது. ஊரை மூடி நிற்கிற அந்தப் பெரிய கண்ணாடிக் கவிகை எழும்பிய காலத்தில், உப்போடும் வெயிலோடும் பழகியவர்கள் வேண்டுமென்று தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். உலகம்மாளின் அப்பா அப்படி வந்தவர். வந்தவர்கள் கை வெடிக்க வெடிக்க மண்ணைக் கழுவினார்கள். கழுவிய மண்ணில் ஊர் பச்சையாயிற்று. மிச்ச மண்ணில் செங்கல் அறுத்து அவர்கள் தங்களுக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். உலகம்மாள் வீட்டுக் கல் முழுக்க அவளும் பூல்பாண்டியும் கல்யாணமான புதிதில் அறுத்தது. சில கல்லில் அவர் விரல் தடம் அப்படியே இருந்தது.

இப்போது மண்ணைக் கழுவப் பணிப்பொறிகள் வந்துவிட்டன. தெரு இருக்கிற இடத்தில் ஒரு பூங்காவும், நடுவில் கண்ணாடியால் ஆன ஏரியும் அமைப்பதென்று நகர நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் வடக்கு ஓரத்து அடுக்குமனையில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். மின்தூக்கி உண்டு, சன்னலைத் திறந்தால் காட்சி உண்டு. மண் மட்டும் கூடாது. தூசி பரவுமாம்.

வீடு போவது உலகம்மாளுக்குத் துக்கம்தான். ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அது இல்லை. பூல்பாண்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

இந்தச் சமயத்தில்தான் தகைவிலான் வந்தது.

தகைவிலான் என்பது ஒரு சின்னக் குருவி. நீல முதுகு, செம்பழுப்புத் தொண்டை. பறந்தபடியே பூச்சி பிடித்துத் தின்னும். பாசித் தொட்டிகளோடு ஒட்டிக்கொண்டு பூமியிலிருந்து வந்த பொடிப் பூச்சிகள் கவிகைக்குள் பெருகி, பேச வாய் திறந்தவர் வாயிலெல்லாம் புகுந்தபோது, இந்தக் குருவியை வரவழைத்தார்கள். ஈர்ப்பு குறைந்த உலகம் என்பதால் முதலில் வந்தவை திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப முடியாமல் கண்ணாடியில் போய் மோதின, பிறகு பழகிக்கொண்டன. பூச்சி அடங்கியது. ஒரே ஒரு குறை. ஒரு குருவிகூடக் கூடு கட்டவில்லை, முட்டை இடவில்லை. பூமியிலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்த கருக்களை ஆண்டுதோறும் பொரிப்பகத்தில் வைத்துத்தான் குஞ்சு எடுக்க வேண்டியிருந்தது. நிபுணர்கள் கூடிப் பேசி, பூமியில் உள்ள கூட்டை மில்லிமீட்டர் பிசகாமல் பிளாஸ்டிக்கில் வார்த்து, அடுக்குமனை விளிம்புகளில் வரிசையாக ஒட்டிவைத்தார்கள். குருவிகள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் சாதாரணமானது. தகைவிலான் ஈர மண்ணை அலகால் உருண்டை பிடித்து எடுத்துவந்து, ஆணும் பெண்ணுமாக ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, சுவரில் கிண்ணம்போலக் கூடு கட்டும். அப்படிச் சேர்ந்து கட்டினால்தான் அவற்றுக்குள் ஒட்டுதல் வரும்; கட்டி முடித்தால்தான் முட்டை. தோட்டங்களில்கூடத் தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வேருக்கு மட்டும்தான் போகும். அந்த ஊரில் எல்லாமும் கிடைத்தது, ஈர மண்ணைத் தவிர.

ஒருநாள் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்த உலகம்மாள், ஒரு குருவி பூல்பாண்டியின் மேல் உட்கார்ந்து கொத்துவதைப் பார்த்தாள். அவளுக்குப் பதறிவிட்டது. குவளையை ஓங்கிக்கொண்டு ஓடினாள். குருவி ஓர் உருண்டை மண்ணை அலகில் கவ்விக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகவே பறந்து, திறந்திருந்த வாசல் வழியாக வீட்டுக்குள் போயிற்று. பின்னாலேயே அதன் சோடியும் வந்து இன்னோர் உருண்டை எடுத்துக்கொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால், முன்னறைச் சுவரில், விளக்குக்கு மேலே, ஈரமாக ஒரு பொட்டு.

அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. சுவருக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் அப்பும், காயவிடும், பிறகு அதன்மேல் கொஞ்சம். அவசரமே இல்லை. முற்றத்தில் படுத்திருந்த மனுஷன் உருண்டை உருண்டையாக வீட்டுக்குள் வந்து, அவர் அறுத்த செங்கல்லின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மேல ஏறி உக்காந்துட்டீயளோ," என்றாள் சுவரைப் பார்த்து. அவர் போனபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்குப்பிறகு அவள் வாசலை மூடவில்லை. காலையில் ஒரு குவளை என்பது மாலையிலும் ஒரு குவளை என்றாயிற்று. கூட்டுக்கு மெத்தையாகப் போடப் பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சை முற்றத்தில் பறக்கவிட்டாள். கீழே எச்சம் விழாமல் இருக்கத் தட்டு வைத்தாள். பக்கத்து வீட்டு ஞானதிரவியம் இதையெல்லாம் பார்த்துவிட்டு, முதலில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தார். அவர் தெருச் சங்கத் தலைவர்; வீடுகளைக் காப்பாற்ற மனுக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். கூட்டில் பெண்குருவி அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், மனு எழுதிய அனுபவம் அவருக்குள் விழித்துக்கொண்டது.

ஒரு சட்டம் இருந்தது. புவியுயிர்க் காப்புச் சட்டம். பூமியில் பிறந்த எந்த உயிராவது தன் விருப்பத்தில் செவ்வாயில் இனம் பெருக்கினால், அந்த இடத்தையும் சுற்றுப்புறத்தையும் யாரும் இடிக்கவோ மாற்றவோ கூடாது. எழுதிய நாளிலிருந்து யாருக்கும் பயன்படாமல் கிடந்த சட்டம் அது.

"தங்கச்சி, நம்ம தெரு பொழச்சுது," என்றார் ஞானதிரவியம். "உயிர்காப்புத் துறைக்குச் சொல்லிவிடுவமா?"

உலகம்மாள் கூட்டைப் பார்த்தாள். "குஞ்சு பொரிக்கட்டுமே அண்ணாச்சி. அதுவரைக்கும் பொறுத்தா என்ன?"

அதற்குள் இடிக்க வந்துவிடுவார்களே என்று அவர் கேட்டார். அது நியாயமாகவும் இருந்தது. அவள் சரி என்றாள்.

உயிர்காப்புத் துறையிலிருந்து சம்யுக்தா என்ற அதிகாரி வந்தாள். வயதில் சின்னவள், பேச்சில் பணிவு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நீண்ட காம்பின் நுனியில் இருந்த கேமராக் கண்ணைக் கூட்டுக்கு மேலே உயர்த்திப் பார்த்தாள். வெள்ளையில் பழுப்புப் புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். பொரிப்பகத்தில் ஆயிரம் குஞ்சைப் பார்த்தவள், எந்த இயந்திரமும் தொடாத அந்த மூன்று முட்டையைப் பார்த்து அழுதேவிட்டாள். உலகம்மாள்தான் அவளைத் தோளில் தட்டி உட்காரவைத்தாள். இந்தத் தெருவில் ஒரு செங்கல்லைக்கூட இனி யாரும் தொடமுடியாது என்று சம்யுக்தா அறிவித்ததும், தெருவே திரண்டு உலகம்மாளைச் சூழ்ந்துகொண்டது. யாரோ கருப்பட்டிப் பணியாரம் சுட்டு வந்தார்கள். சம்யுக்தா இரண்டு வாங்கித் தின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, மிகவும் மென்மையாகக் கேட்டாள்.

"நீங்க எல்லாரும் எப்ப கிளம்புறீங்கம்மா?"

உலகம்மாளுக்கு விளங்கவில்லை. "எங்க கெளம்ப?"

"அடைகாக்குற இடத்துல மனுஷங்க இருக்கக் கூடாதும்மா. அதே சட்டத்துல அடுத்த பிரிவு. தெரு முழுக்க இனி காப்பிடம்."

ஞானதிரவியத்தின் கையில் இருந்த பணியாரம் அப்படியே நின்றது. அவர் முதல் பிரிவோடு சட்டத்தை மூடி வைத்துவிட்டவர். இத்தனை வருடம் இடிப்பதை எதிர்த்தே பழகிப்போனவருக்கு, இடிக்காமலும் வெளியேற்ற முடியும் என்று தோன்றவேயில்லை.

"மனுசன் இருக்கப்போய்த்தானம்மா அது இங்க வந்துச்சு," என்றாள் உலகம்மாள். "நான் தண்ணி ஊத்தலன்னா அதுக்கு ஏது மண்ணு? நாளைக்கும் ஊத்தணும். மறுபடி முட்டையிட வந்தா அது இதே கூட்டத்தான் பூசிக்கிடும். அப்பவும் ஊத்தணும்."

சம்யுக்தா அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். அதற்கு நிர்வாகம் தக்க ஏற்பாடு செய்யும் என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தில் பொய் இல்லை. அதுதான் உலகம்மாளுக்கு அதிகமாக வலித்தது. கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

கேட்டது கிடைத்தது. உப்புத் தெருவை யாரும் இடிக்கவில்லை. குடியிருந்தவர்களை மட்டும் அலுங்காமல் எடுத்து அடுக்குமனையில் வைத்தார்கள். முற்றத்து மண் இனி கூடு கட்டும் மூலப்பொருள் என்பதால் அதை அள்ளத் தடை. வீட்டைவிட்டு இறங்குகிற அன்று, கடைசியாக ஒரு குவளை ஊற்றுகிற சாக்கில் குனிந்த உலகம்மாள், ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டின புருஷனைத் திருடிக்கொண்டு போகவேண்டி வந்ததே என்று நினைத்தபோது அழுகை வந்தது. காவல் பொறி பக்கத்தில் நின்றதால் அதையும் விழுங்கிக்கொண்டாள்.

குஞ்சுகள் பொரித்தன. ஊரே திரையில் பார்த்தது. அம்மாவும் அப்பாவும் மாறி மாறிப் பூச்சி கொண்டுவந்து ஊட்டுவதையும், குஞ்சின் எச்சத்தைக் கூடு அழுக்காகாமல் அலகில் எடுத்துக்கொண்டு போய்த் தூரப் போடுவதையும் காட்டிக் காட்டி, பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள். அடுக்குமனைக்கு 'தகைவிலான் குடியிருப்பு' என்று பெயர் மாற்றி, வாசலில் பெரிதாகக் குருவிப் படம் வரைந்தார்கள். உலகம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. திரையில், கூட்டுக்குக் கீழே தெரிந்த செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று குஞ்சும் பறந்தபோது அவளுக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல முடியாது.

தாயும் தகப்பனும் அடுத்த முட்டைக்கு அதே கூட்டுக்குத் திரும்பின. விளிம்பைப் புது மண்ணால் பூச வேண்டும். முற்றம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தக்க ஏற்பாடாக, கிருமி நீக்கிய பசைமண்ணை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். அது கல்லாக இறுகியிருந்தது. குருவிகள் இரண்டும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வெளியே போயின. பிறகு வரவில்லை. நிபுணர் குழு ஆராய்ந்து, முன்பு வசித்த மனிதர்களின் வாடை இன்னும் போகாததே காரணம் என்று கண்டுபிடித்தது. ஆகவே காப்பிடத்தின் எல்லையை அடுத்த தெருவுக்கும் நீட்டினார்கள். அங்கிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள்.

அடுக்குமனையில் மூன்றாம் மாடியில் உலகம்மாளுக்கு ஒரு பால்கனி இருந்தது. அங்கே, யார் கண்ணிலும் படாத மூலையில், ஓர் உடைந்த குழம்புச் சட்டியில் பூல்பாண்டி இருந்தார். ஒரு பிடிதான். அதற்கும் காலையில் குவளை தளும்பத் தண்ணீர் உண்டு. புது நீர்மானியும் பழையதைப் போலவே திட்டியது. அவளும் அதன் சோலியைப் பார்க்கச் சொன்னாள்.

ஒரு காலையில் கைப்பிடிக் கம்பியில் இரண்டு குருவிகள் வந்து உட்கார்ந்தன. நீல முதுகு, செம்பழுப்புத் தொண்டை. பக்கத்திலேயே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கூட்டை அவை பொருட்படுத்தவில்லை. ஒன்று சட்டிக்குத் தாவியது. ஓர் உருண்டை எடுத்தது. கதவுக்கு மேலே சுவரில் அப்பியது. உலகம்மாள் கதவோரம் ஒண்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தேடிப் பிடித்து வந்துவிட்டாரே மனுஷன்.

சாயங்காலத்துக்குள் சுவரில் ஒரு பிறைபோல மண் ஏறிவிட்டது. சாயங்காலத்துக்குள் அடுக்குமனை முழுக்கச் செய்தியும் ஏறிவிட்டது.

முன்பென்றால் ஓடிவந்து பார்த்திருப்பார்கள். இப்போது ஒவ்வொருவராகத் தங்கள் பால்கனிக் கதவைச் சாத்தினார்கள். சிலர் ஏற்கெனவே வலை கட்டியிருந்தார்கள். பள்ளியில் குருவிப் பாடம் படித்த பிள்ளைகளுக்கு, வீட்டில் குருவியைக் கண்டால் கைதட்டி விரட்டக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு கூடு வந்தால் அந்த மாடியும் மேல்மாடியும் கீழ்மாடியும் காலி செய்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கொடிமலருக்குப் பிள்ளை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்று, சுவரில் இருந்த ஈரத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கடைசியில் ஞானதிரவியம்தான் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"தங்கச்சி," என்றார். "அன்னைக்கு நான் உங்கிட்ட சொல்லிவிடுவமான்னு கேட்டேன். இன்னைக்குச் சொல்லாதன்னு கேக்க வந்திருக்கேன். துறைக்காரங்களுக்குத் தெரியுமுன்ன... நீயே பாத்துக்க."

"முட்டையிடத்தான வந்திருக்கு அண்ணாச்சி."

"தெரியுது. நமக்கும் போக வேற எடமில்லயே."

அவர் அழுதார். அவளும் அழுதாள். இரண்டு பேரும் குருவியின்மேல் கொஞ்சமும் வெறுப்பில்லாமல்தான் அழுதார்கள்.

அவர் போனபிறகு உலகம்மாள் முக்காலியைப் போட்டு ஏறினாள். ஈரத்துணியால், நோகாமல், சுவரில் இருந்த மண்ணைத் துடைத்தெடுத்துச் சட்டியில் பிழிந்தாள். துணியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் போட்டாள். மேலே ஏறி உட்கார வந்தவரைத் தன் கையாலேயே கீழே இறக்கிவிட்டாள்.

மறுநாள் வெளிச்சம் ஏறியதும் குருவிகள் கம்பியில் காத்திருந்தன. நிபுணர்கள் அதே நேரத்தில் திரையில் பேசிக்கொண்டிருந்தார்கள். தகைவிலான் மனிதர் அருகில் இனம் பெருக்க விரும்பாத பறவை என்பது உறுதியாகிவிட்டதாம். உலகம்மாள் குவளையை நிரப்பிக்கொண்டு சட்டிக்கு முன்னால் போய் நின்றாள். மண் காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு குருவி தாவி வந்து சட்டி விளிம்பில் உட்கார்ந்து, மண்ணைக் கொத்திப் பார்த்தது, உதிரியாகச் சிந்தியது. தலையைச் சாய்த்து அவள் கையில் இருந்த குவளையைப் பார்த்தது.

கடைசி நாளில் அவர் பார்த்ததும் அப்படித்தான்.

உலகம்மாள் குவளையை வாய்க்குக் கொண்டுபோய், ஒரு சொட்டு சிந்தாமல், முழுவதையும் குடித்தாள்.

"இன்று உங்கள் வீட்டில் நீர் வீணாகவில்லை," என்றது நீர்மானி. "தகைவிலான் குடியிருப்பின் சார்பில் நன்றி."

அவள் குவளையைக் கவிழ்த்து வைத்தாள். குருவிகள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் பறந்து போயின.